தானாக நடந்த அம்பு

நடக்கப் பழகிய வயதில் அவள் நேராக நடக்கவே மாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பக்கவாட்டில் போவாள். அதனால் வீட்டில் எல்லோரும் அவளை நண்டு என்று கூப்பிட்டார்கள். இப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், ஓட்டப் பந்தயத்தில் பரிசுகூட வாங்கிவிட்டாள். பெயர் மட்டும் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நண்டுவின் அம்மா டிராக்டர் ஓட்டுகிறவர். டிராக்டர் சொந்தம், நிலம் சொந்தமில்லை. யாராவது கூப்பிட்டால் போய் உழுது கொடுப்பார், விதைத்துக் கொடுப்பார். அப்பா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். சமையலும் அப்பாதான்.

விதைக்கும் காலம் வந்தால் அந்த ஊரில் பனிமூட்டமும் கூடவே வந்துவிடும். சாதாரணப் பனிமூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கையை நீட்டினால் விரல் தெரியாது. பக்கத்தில் நின்று இருமுகிறவர் யார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பனியில் போன வருடம் அம்மா குத்துமதிப்பாக டிராக்டரை ஓட்டினார். பயிர் முளைத்த பிறகு பார்த்தால் ஓரிடத்தில் இரட்டை வரிசை, இன்னோரிடத்தில் மொட்டைத் திட்டு.

நிலத்துக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன இது? தூக்கக் கலக்கத்துல தலை வாரின மாதிரி இருக்கு! அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா நான் கம்பெனி டிராக்டரைக் கூப்பிட்டுக்குவேன். சொல்லிட்டேன்."

ஊரிலேயே பெரிய நிலம் அவருடையதுதான். அவர் கைவிட்டால் மற்றவர்களும் கைவிடுவார்கள். பிறகு டிராக்டரை விற்க வேண்டியதுதான். இது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே நண்டுவுக்கும் தெரியும்.

அதனால் இந்த வருடம் அம்மா நண்டுவையும் அழைத்துக்கொண்டு ஜிபிஎஸ் பெட்டி வாங்கக் கிளம்பினார். கடைக்காரருக்கு அரைவிலை மாமா என்று பெயர். எதைத் தொட்டாலும் "உங்களுக்காக அரைவிலை" என்பார். எதில் பாதி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"இதோ பாருங்க, இது ராஜா!" என்று ஒரு பெரிய பெட்டியைக் காட்டினார். "ஸ்டீயரிங்கை அதுவே திருப்பும். நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காரலாம்."

அம்மா விலைச்சீட்டைப் பார்த்தார். சுட்டுவிட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"அப்போ இது மந்திரி. ஆனா வருஷா வருஷம் பணம் கட்டணும்."

"ராஜா வேணாம், மந்திரியும் வேணாம். ஏழைக்குத் தகுந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

மாமா மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். சின்னத் திரை. அதில் ஒரு கோடு, ஒரு அம்பு. அம்புதான் டிராக்டர். திரைக்கு மேலே வரிசையாக விளக்குகள். கூடவே காளான் போல ஒரு ஆன்டெனா.

"இது தானா திருப்பாது. எந்தப் பக்கம் திருப்பணும்னு விளக்கு காட்டும், நீங்கதான் திருப்பிக்கணும். இந்தக் காளானை டிராக்டர் கூரை மேல ஒட்டிடுங்க. வானத்துல இருக்கிற செயற்கைக்கோள்களைப் பார்த்து அது இடத்தைச் சொல்லும். இன்னொண்ணு, மலிவான சாமான் பாருங்க, ராத்திரி கழிஞ்சு காலையில பார்த்தா கோடு கொஞ்சம் தள்ளி நிக்கும். வயல் மூலையில ஒரு முளைக்குச்சி அடிச்சு வையுங்க. காலையில அங்கே சக்கரத்தை நிறுத்தி இந்தப் பொத்தானை அமுக்கினா, கோடு பழைய இடத்துக்கு வந்துடும்."

"மாமா, இதை முன்னாடி யார் வச்சிருந்தாங்க?" என்று கேட்டாள் நண்டு.

"அவரா? நல்ல மனுஷன். இப்ப அவர் இல்ல. அவர் இல்லாததாலதான் உங்களுக்கு அரைவிலைக்கு..."

அதற்குள் போன் அடித்தது. மாமா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போகிற போக்கில், "ரெண்டு மூணு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுங்க!" என்று கத்தினார்.

நண்டு பெட்டியைப் பார்த்தாள். இருண்ட திரையில் அவள் முகம் தெரிந்தது. இல்லாத மனிதருடைய பெட்டி. அவளுக்கு என்னவோ போல இருந்தது.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அம்மா முளைக்குச்சி அடித்தார். விளக்கைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பனிக்குள் போட்ட வரிசைகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல வந்தன. மாலையில் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அம்மா பாடினால் சகிக்காது. ஆனாலும் அன்று அப்பாகூட ஒன்றும் சொல்லவில்லை.

டிராக்டருக்குக் கொட்டகை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில்தான் நிற்கும். இருட்டுவதற்குள்ளேயே பனி சொட்டத் தொடங்கிவிட்டது. கூரை மேல் காளான் நனைந்துகொண்டு நின்றது. நண்டுவுக்கு மனசு கேட்கவில்லை.

"அவர் எவ்வளவு ஆசையா வச்சிருந்திருப்பாரோ!"

அடுப்படியிலிருந்து அரிசி கழுவும் அலுமினியப் பேசினை எடுத்து வந்தாள். டிராக்டர் மேல் ஏறிக் காளான் மேல் கவிழ்த்தாள். காற்று இல்லாமல் மூச்சு முட்டுமே என்று, அப்பாவின் துண்டுத் துணிகளைச் சுருட்டிப் பேசினுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். ஒரு கயிற்றால் கட்டியும் வைத்தாள். பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது அம்மா கிளம்பிப் போயிருந்தார். பள்ளி விடுமுறை. அடுப்படியில் அப்பா எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்.

"பேசினைக் காணோம்! அரிசி கழுவ வச்சிருந்தேன். காலு முளைச்சு நடந்து போயிடுச்சா?"

அம்மா எடுத்து எங்கேயாவது வைத்திருப்பார் என்று நண்டு நினைத்துக்கொண்டாள். திட்டு விழுமோ என்று வாயைத் திறக்கவில்லை. அப்பா கொடுத்த டீ பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள்.

வயலின் ஒரு பக்கம் ஆழமான வாய்க்கால். அதன் கரைமேல்தான் பாதை. எங்கும் வெள்ளை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் காலடியில் கேட்டது. தூரத்தில் டிராக்டர் சத்தம்.

நண்டு நின்றாள். சத்தம் வயலின் நடுவிலிருந்து அல்லவா வர வேண்டும்? இது கிட்டே வருகிறதே. இன்னும் கிட்டே. நேராக வாய்க்காலைப் பார்த்து.

பனிக்குள் மங்கலாக இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன.

"அம்மா! வாய்க்கால்! அம்மா!"

இன்ஜின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பிளாஸ்கைக் கீழே போட்டாள். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். 'பொண்ணு அடிக்கிற விசிலா இது, ரயில் மாதிரி இருக்கு' என்று அப்பா காதைப் பொத்திக்கொள்வாரே, அந்த விசில்.

டிராக்டர் ஒரு குலுக்கலோடு நின்றது. முன்சக்கரம் கரையின் விளிம்பில் இருந்தது. மண்கட்டி ஒன்று உருண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

அம்மா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். நண்டுவை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நான் சரியாத்தான் ஓட்டினேன், நண்டு. இடது பக்கம் போ, இடது பக்கம் போன்னு விளக்கு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நானும் திருப்பிக்கிட்டே வந்தேன்."

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

டிராக்டர் அசையாமல் நின்றது. திரையில் அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக, பக்கவாட்டில். தூரத்தை வைத்துப் பார்த்தால் கரையைத் தாண்டியது. வாய்க்காலைத் தாண்டியது. அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் நின்று, மறுபடி நடந்தது. டிராக்டரிலிருந்து யாரோ இறங்கித் தண்ணீர்மேல் நடந்து போவதுபோல இருந்தது.

"அம்மா... அந்த ஆள் இப்ப இல்லன்னு மாமா சொன்னாரே..."

"சும்மா இரு!" என்றார் அம்மா. ஆனால் அவரும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அம்மா பெட்டியைப் பார்க்காமல், பாதையைப் பார்த்து ஊர்ந்து ஊர்ந்து டிராக்டரை வீட்டுக்கு ஓட்டி வந்தார். பழைய இடத்தில் நிறுத்தினார். உள்ளே வந்து உட்கார்ந்தவர் டீயைத் தொடவில்லை.

"மத்தியானம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடறேன். நிலத்துக்காரம்மாவுக்கும் சொல்லிடணும், கம்பெனி டிராக்டரைக் கூப்பிட்டுக்கட்டும்னு. நாளைக்கு மழை வரும்ங்கிறாங்க. அவங்க எத்தனை நாள் காத்திருப்பாங்க?"

அப்பா தையலை நிறுத்தினார். நண்டுவுக்கு அழுகை முட்டியது. பேயைவிட அம்மா சொன்னதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் மெல்லப் பின்பக்கம் போனாள். பனி இன்னும் விலகவில்லை. டிராக்டர் ஏதோ பெரிய மிருகம் படுத்திருப்பதுபோலத் தெரிந்தது. பெட்டியை அணைக்க அம்மா மறந்திருந்தார். திரை நீலமாக ஒளிர்ந்தது. அம்பு இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருந்தது.

ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஓடவில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

"வந்து... நீங்க மாமாவா தாத்தாவான்னு எனக்குத் தெரியாது. கோவிச்சுக்காதீங்க. எங்க அம்மாவை வாய்க்காலுக்குக் கூப்பிடாதீங்க. அவங்களுக்கு நீச்சல் தெரியாது."

அம்பு நின்றது. அம்பு மெல்லத் திரும்பி அவள் இருந்த பக்கமே வந்தது.

"உங்களுக்கு எங்கே போகணும்னு சொல்லுங்க. நானே நடந்து கொண்டுபோய் விடறேன். பக்கத்துல இருந்தா."

டங்.

அவள் தலைக்கு மேலே ஏதோ தட்டியது.

டங்... டங்.

அழைத்தால் பதில் சொல்வதுபோல விட்டு விட்டு வந்தது அந்தச் சத்தம். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பேசினை எடுத்தது பேயா இருந்தாலும் பரவாயில்ல, கொண்டுவந்து வச்சிடச் சொல்லு! சோறு வடிக்க வேணாமா?"

பேசின்!

நண்டு தாவி ஏறினாள். கூரை மேல் பனியின் நிறத்திலேயே பேசின் கவிழ்ந்து கிடந்தது. கயிறு தளர்ந்ததால் அதன் விளிம்பு காற்றில் ஆடி ஆடிக் கூரைத் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. டங். அம்மா இதை எடுக்கவே இல்லை. இருட்டிலும் பனியிலும் பார்த்திருக்கவே மாட்டார்.

அவள் பேசினை எடுத்துக்கொண்டு இறங்கித் திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அலைந்த அம்பு நின்றுவிட்டது. சமர்த்தாக ஒரே இடத்தில் நின்றது.

மறுபடி ஏறிப் பேசினைக் கவிழ்த்தாள். காத்திருந்தாள். அம்பு நடக்கத் தொடங்கியது.

எடுத்தாள். நின்றது. கவிழ்த்தாள். நடந்தது.

"அடக் கடவுளே!" என்றாள் நண்டு.

வானத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டிய காளானின் தலையில் அலுமினியத்தைக் கவிழ்த்தால் அது எப்படிப் பார்க்கும்? கண்ணாமூச்சி ஆடும்போது கண்ணைக் கட்டியவர் சத்தம் வந்த பக்கமெல்லாம் கையை நீட்டுவாரே, அப்படித்தான் அதுவும் தடவித் தடவித் தேடியிருக்கிறது. பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. இடது பக்கம் போ என்று அம்மாவை வாய்க்காலுக்கு அனுப்பப் பார்த்தது அவளுடைய பேசின்தான்.

சந்தோஷம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. இதைச் சொன்னால் அம்மா என்ன சொல்வார்? சொல்லாமல் பேசினை அடுப்படியில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பெட்டி கடைக்குத் திரும்பிப் போய்விடும், வேலையும் போய்விடும். பேசினை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அம்மா, பேய் நான்தான்."

சொல்லி முடிப்பதற்குள் பாதி அழுகை, பாதி விக்கல். அம்மா பேசினைப் பார்த்தார், நண்டுவைப் பார்த்தார். பேசினுக்குள் ஒட்டியிருந்த துண்டுத் துணியை எடுத்துப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"மூச்சு முட்டக் கூடாதுன்னு..."

அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உயிரே போச்சுடி எனக்கு! நல்ல மனசுதான், ஆனா இனிமே கேட்டுட்டுச் செய்." அம்மாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஆனா நண்டு, இனிமே அந்தப் பெட்டியை நம்பிப் பனிக்குள்ள எப்படிப் போறது? எனக்கு மனசு வரலையே."

இன்றைக்கு முன்னால் அம்மா பயந்து நண்டு பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"முதல்ல விதை போடாம ஓட்டுங்க. முளைக்குச்சிகிட்ட நின்னு பொத்தானை அமுக்கிட்டு, நேத்து போட்ட வரிசை மேலேயே போங்க. பெட்டி நேத்து வழியைச் சரியாச் சொன்னா அப்புறம் நம்பலாம். நான் வாய்க்கால் கரையிலேயே நின்னு விசில் அடிச்சுக்கிட்டே இருக்கேன். தண்ணி எந்தப் பக்கம்னு உங்களுக்குக் காதுலயே தெரிஞ்சுடும்."

அம்மா அவளையே பார்த்தார். பிறகு எழுந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

முளைக்குச்சியருகே சக்கரம் நின்றது. அம்மா பொத்தானை அமுக்கினார். டிராக்டர் பனிக்குள் போய் மறைந்தது. கரையில் தனியாக நின்ற நண்டுவுக்கு மேலும் கீழும் வெள்ளைதான். விசில் அடித்தாள். வெகு தூரத்திலிருந்து ஹாரன் பதில் சொன்னது. சத்தம் திரும்பி வந்தது. வாய்க்காலை நோக்கி அல்ல. வர வேண்டிய வழியில், வர வேண்டிய தூரத்தில்.

"நண்டு!" பனிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் துள்ளியது. "சக்கரம் நேத்து போன தடத்துல அப்படியே இறங்குது!"

அதன்பிறகு விதை விழத் தொடங்கியது. விசில், ஹாரன். விசில், ஹாரன். வாயை எத்தனை தடவை நனைத்தாலும் நண்டுவுக்கு உதடு காய்ந்து போயிற்று. நிறுத்தவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் கடைசி வரிசையும் முடிந்தது. மறுநாள் சொன்னபடியே மழை வந்தது.

முளைத்த பிறகு நிலத்துக்கார அம்மா வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வயலைச் சுற்றிக் குறை தேடினார். பெரிய நிலம் முழுக்கப் பயிர் படிய வாரிய தலைபோல நின்றது. வாய்க்கால் ஓரத்தில் மட்டும், அன்று காலை பேசின் வழிகாட்டிய ஒரு வரிசை வளைந்து நெளிந்து போயிருந்தது.

"இது என்ன?"

"அது நண்டு வரிசை" என்றார் அம்மா.

நிலத்துக்கார அம்மாவுக்குப் புரியவில்லை. "என்ன வரிசையோ! மத்தது நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கத்து நிலத்தையும் நீங்களே பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அம்மாவும் நண்டுவும் அரைவிலை மாமா கடைக்குப் போனார்கள்.

"இந்தப் பெட்டியையே நாங்க எடுத்துக்கறோம்."

"நல்லா வேலை செய்யுதா என் பெட்டி?" என்று கடையின் உள்பக்கம் இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மாமாவின் குரல் இல்லை. உயரமாக ஒருவர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல் வெளியே வந்தார். நண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"நீ... நீங்க இப்ப இல்லதானே?"

"யார் சொன்னது?" என்று அவர் தன்னையே ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அரைவிலை மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! இப்ப அவர் ஊர்ல இல்லன்னு சொல்ல வந்தேன். டிராக்டரை வித்துட்டு மக வீட்டுக்குப் போயிருந்தார். அதுக்குள்ள போன் வந்துடுச்சு!"

மாமா எதைச் சொன்னாலும் பாதிதான் என்று நண்டுவுக்கு அப்போது புரிந்தது.

உயரமான மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அம்மாவிடம் குனிந்து, மாமாவுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"ஒரு விஷயம். வெளியே சொல்லிடாதீங்க. வாங்கின புதுசுல, பனியில நனையுதேன்னு அந்தக் காளான் மேல பால் சட்டியைக் கவிழ்த்து வச்சேன். பெட்டி என்னைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போகப் பார்த்துச்சு! பேய் ஓட்டுறவரைத் தேடி ஊர் ஊரா அலைஞ்சேன். நீங்க அது தலையில எதையும் கவிழ்த்துடாதீங்க."

நண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கை மட்டும் பின்னால் வந்து நண்டுவின் கையைப் பிடித்து அழுத்தியது.

"சட்டியா? சேச்சே!" என்றார் அம்மா. "அப்படியெல்லாம் யாராவது செய்வாங்களா?"